துவக்கு வேண்டாம் என்ற சிப்பாய்

எங்கள் மகன் கபிலாஷ் அமெரிக்க இராணுவத்தில் மெடிக். காயம்பட்டவனுக்குக் கட்டுப்போட்டு உயிரைப் பிடித்து வைக்கிற வேலை. நாங்கள் குடியிருக்கும் கேட்டி என்ற ஊரில் இது எனக்கும் என் மனைவி குமுதினிக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவள், "சன் அன்டோனியோவில மெடிக்கல் படிக்கிறான்" என்று சொல்லி வைத்திருந்தாள். யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் வளர்ந்தவளுக்கு மகன் சிப்பாய் என்று சொல்ல மனம் வராது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோயிலில் டாக்டர் மாப்பிள்ளை என்று பெண் கொடுக்க ஆட்கள் நெருங்கத் தொடங்கியபோது நான் பின்வாசலால் நழுவத் தொடங்கினேன்.

இதற்குள் பையன் புதிதாக ஒன்றைக் கிளப்பினான். பயிற்சியில் மனித உருவம் வரைந்த அட்டையைத் துவக்கால் சுடச் சொன்னார்களாம். நன்றாகவே சுட்டிருக்கிறான். அதற்குப் பிறகு துவக்கைத் தொட மனச்சாட்சி விடவில்லை. மெடிக்காக இருப்பேன், போருக்கும் போவேன், துவக்கு மட்டும் தூக்க மாட்டேன் என்று விண்ணப்பித்துவிட்டான். அப்படிக் கேட்க அங்கே வழி இருக்கிறது. மெய்யாகத்தான் கேட்கிறானா என்று ஓர் அதிகாரி விசாரிப்பார். பொய் என்று அவருக்குப் பட்டால் துவக்கைத் தூக்கியே ஆகவேண்டும், மறுத்தால் தண்டனை.

அவனைச் சின்ன வயதிலிருந்து அறிந்த வெளியாள் ஒருவர் சாட்சி சொன்னால் நல்லதாம். கோயிலில் அவனுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்த நவரத்தினம் அண்ணரைக் கேட்டோம். அவரிடமாவது குமுதினி உண்மையைச் சொல்லியிருக்கலாம். பொய்க்கு மேல் ஒரு மாடி கட்டினாள்.

"ஆமிதான் காசு கட்டி டொக்டருக்குப் படிப்பிக்குது, அண்ணை. அவனுக்குத் துவக்கு வேண்டாமாம். நல்ல பிள்ளை எண்டு நீங்கள் சொன்னாக் காணும்."

"உள்ளதைச் சொல்லும்" என்று அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

"நீங்கள் பேசாமக் காரை எடுங்கோ."

விசாரணை அறையில் நானும் குமுதினியும் பின்னால் இருந்தோம். அண்ணர் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கம்பீரமாகப் பேசினார். இவனுக்குப் பொய் சொல்லவே வராது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் சில வருடங்களில் பெரிய டாக்டராக வெளியே வருவான் என்றும் சொன்னார்.

அதிகாரி நிமிர்ந்தார். "டாக்டரா? இவனா அப்படிச் சொன்னான்?"

கபிலாஷின் முகம் வெளிறியது. எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

குமுதினி எழுந்தாள். "நான் சொன்ன பொய்" என்றாள் ஆங்கிலத்தில். "அவன் என்னோடு சண்டை பிடித்தான். யாராவது கேட்டால் பொய் சொல்ல வேண்டி வரும் என்று கோயிலுக்கு வருவதையே விட்டுவிட்டான்."

"மகன் சிப்பாய் என்பதில் என்ன வெட்கம்?" என்று கேட்டார் அதிகாரி.

"நான் கண்ட சிப்பாய்கள் எல்லாரும் துவக்கோடுதான் வந்தார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. என் அண்ணன் செல்வமணி தெருவில் காயப்பட்டுக் கிடந்தான். அவர்கள் வருவதைக் கண்டு அவனை விட்டுவிட்டு ஓடினேன். ஒருவனாவது வெறுங்கையோடு வந்திருந்தால் ஓடியிருக்க மாட்டேன்."

அவளுடைய அண்ணன் சண்டையில் செத்தான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் அவள் ஓடிய கதை எனக்குத் தெரியாது. அதிகாரி அதை எழுதிக்கொண்டு கோப்பை மூடினார். வெளியே வந்ததும் நவரத்தினம் அண்ணர் என்னிடம் கோபிப்பார் என்று பார்த்தேன். "பெடியனை நான் பிழையாச் சொல்லேல்லைத்தானே, ஜனா?" என்று மட்டும் கேட்டார்.

சில மாதங்களில் அனுமதி வந்தது. விஷயம் கோயிலில் தெரிந்ததும் பெண் கொடுக்க வந்தவர்கள் மெல்லக் கழன்றுகொண்டார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. கபிலாஷ் லீவில் வந்தான். புட்டும் மீன்குழம்பும் ஒரு கட்டுக் கட்டிவிட்டு, அம்மாவைப் பார்த்து, "மாமாவுக்கு எங்க காயம்?" என்று கேட்டான்.

அவள் தன் தொடையின் மேற்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். எவ்வளவு இரத்தம், எப்படிப் பாய்ந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். பிறகு தன் தொடையில் அதே இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தான்.

"நீங்க ஓடாம நிண்டிருந்தாலும் காப்பாத்தி இருக்க ஏலாது, அம்மா. அந்த இடத்தில, ஒரு சின்னப் பிள்ளையின்ட கையால ஏலாது."

வேறு யார் சொல்லியிருந்தாலும் ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் எடுத்திருப்பாள். சொன்னவன் கபிலாஷ். அவள் நம்பினாள்.