பாம்புக்காதரும் என் வயிறும்

புத்தகங்களைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து கொடுப்பதுதான் என் வயிற்றுப் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கு உலை வைத்ததும் அதே வயிறுதான்.

எங்கள் ஒலிப்பதிவு அறை ஒரு குளியலறை அளவு இருக்கும். சுவரெல்லாம் பஞ்சு. மின்விசிறி கூடாது, நாற்காலி கிறீச்சிடும் என்பதால் நின்றுகொண்டேதான் படிக்க வேண்டும். தொள்ளாயிரம் பக்க நாவலில் அரசி மகனைப் பிரியும் இடம். குரலைத் தழுதழுக்க வைத்து, "போய் வா மகனே" என்றேன். கொர்ர்ர் என்றது வயிறு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார். பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு எதையும் கேட்டுவிடுவார் என்பதால் மனதுக்குள் அவருக்குப் பாம்புக்காதர் என்று பெயர் வைத்திருந்தேன்.

"சார், மறுபடியும் உங்க வயிறு" என்று கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். "முதலாளி சொல்லிட்டாரு. அடுத்த வெள்ளிக்குள்ள இது சரியாகலன்னா, மிச்ச நானூறு பக்கத்தையும் கம்ப்யூட்டர் குரலே படிச்சிடுமாம்."

"அது மட்டும் கொர்ருன்னு சொல்லாதா?"

"அதுக்கு வயிறே கிடையாது சார்."

எனக்குப் பகீரென்றது. மூன்று மாதமாகவே வயிறு உப்புசம். மதியத்துக்கு மேல் அடித்துப் போட்டாற்போல் அசதி. டாக்டர் சோதனையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, செரிமான நீர் சுரப்பது குறைவு என்று நொதி கேப்சூல் எழுதிக் கொடுத்திருந்தார். எனக்குக் கேப்சூல் விழுங்க வராது. "தொண்டைய வெச்சுப் பொழைக்கறவரு, அதுல ஒரு மாத்திரைய எறக்கத் தெரியல" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே வழியும் கண்டுபிடித்தாள். காலை ஏழு மணிக்குக் கேப்சூலைப் பிரித்து, தூளை மசித்த உருளைக்கிழங்கில் கலந்து டப்பாவில் வைத்துக் கொடுத்தாள்.

மதியம் டப்பாவைத் திறந்தால் கிழங்கைக் காணோம். கொழகொழவென்று ஏதோ தளும்பியது. மனைவிக்குப் போன் போட்டேன்.

"கிழங்கு எங்கம்மா?"

"கெட்டியாத்தானே வெச்சேன்! வழியில நீங்க என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

நான் என்ன பண்ண? மூடிவிட்டுப் பட்டினியாகப் படித்தேன். அன்றைக்கு ஒன்பது பெருக்கல் குறி. நான்கு நாள் இதே கதை. கடைசியில் மருந்துக்கடைக்காரரிடம் போய் டப்பாவையே திறந்து காட்டினேன். மனிதர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"சார், வயித்துக்குள்ள நடக்க வேண்டியது டப்பாவுக்குள்ளயே நடந்து முடிஞ்சிருக்கு! அந்தத் தூளு மாவுச்சத்த ஒடைச்சிடும். சாப்பிட உக்காந்தப்புறம், மொத வாயோட முழுங்கணும். தலையக் கொஞ்சம் குனிஞ்சுகிட்டு முழுங்குங்க, வழுக்கிட்டுப் போயிடும்."

ஆக, நான்கு நாளாக என் சாப்பாட்டை என் டப்பா ஜீரணித்துக்கொண்டிருந்தது. இதற்கு நான் பட்டினி வேறு.

வெள்ளிக்கிழமை வந்தது. தலையைக் குனிந்து, முதல் வாயோடு கேப்சூலை இறக்கினேன். வயிறாரச் சாப்பிட்டேன். அசதி முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் கால் ஊன்றி நிற்க முடிந்தது. வயிறும் சமர்த்தாக இருந்தது. படிக்க ஆரம்பித்தேன். பாம்புக்காதர் கையைத் தூக்கினார்.

"சார், வயிறு."

வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. மறுபடி படித்தேன். மறுபடி கை. மூன்றாம் முறை எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மைக்கின் வயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவர் அறைக்கே போனேன்.

"இப்பவும் வயிறு கேக்குதா?"

"நல்லாவே கேக்குது சார்" என்றவர், என் கையிலிருந்த வயரைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார். ஹெட்போனைக் கழற்றினார். மெதுவாகத் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். காதை இறுக மூடிக்கொண்டால் நம் வயிறு நமக்கே இடியாகக் கேட்கும். அதுவரை அது அவருக்கு உறைக்கவில்லை.

"எத்தன நாளா சாப்பிடல?" என்றேன்.

"ஒரு வாரமா மத்தியானம் சாப்பிடல சார். சாப்பாட்டு நேரத்துலதான் உங்க கொர்ர வெட்டி எடுக்கறேன். பாதி கொர்ரு பதிவுலயே இல்ல. எங்க போச்சுன்னு தேடித் தேடியே நேரம் போயிடுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவர் விடவில்லை.

"எப்படியாவது உங்கள வெச்சே முடிச்சிடணும்னுதான் சார் பார்த்தேன். கம்ப்யூட்டர் படிச்சா மைக்கு எதுக்கு? மைக்கு இல்லன்னா நான் எதுக்கு?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. இருவரும் உட்கார்ந்து அன்றைய பதிவைப் போட்டுக் கேட்டோம். ஒரு கொர்ரும் இல்லை. அதை அப்படியே முதலாளிக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: மிச்சத்தையும் நீங்களே முடியுங்கள்.

பாம்புக்காதர் பெருக்கல் குறித் தாளைக் கிழித்து எறிந்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், அந்தக் கேப்சூல் எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?"

"அது எனக்கு எழுதிக் கொடுத்தது" என்றேன். "நீங்க மொதல்ல போய்ச் சாப்பிடுங்க."