உள்ளே வெடித்த கம்பி

விடியும் முன்பே கம்பி ஆலையின் தரை அதிர்ந்துகொண்டிருந்தது. தடித்த எஃகுக் கம்பி அச்சுத் துளைக்குள் நுழைந்து, மெலிந்து வெளியேறி, கொதிக்கக் கொதிக்க உருளையில் சுற்றியது. கம்பி வழுக்கிச் செல்லத் தூவும் சோப்புத் தூள் பல்லிடுக்கு வரை அப்பியது. ஓர் இயந்திரத்தில் அண்ணி. அடுத்ததில் அவள் கொழுந்தன் நெட்டையன். அவர்கள் வீட்டில் உலை கொதிப்பது இவர்கள் இருவரின் உழைப்பில்தான்.

"அண்ணி, இந்தப் புதுச் சுருள் சும்மா சும்மா அறுந்துக்கிட்டே இருக்கு."

"தள்ளி நின்னு ஓட்டு தம்பி."

சொல்லி வாய் மூடவில்லை. அறுந்த கம்பி சாட்டையாய்ச் சுழன்று நெட்டையனின் முன்கையைக் கிழித்தது. அண்ணி இரண்டு இயந்திரங்களையும் நிறுத்திவிட்டுப் பாய்ந்தாள். தலைத்துணியை அவிழ்த்துக் காயத்தை இறுக்கிக் கட்டினாள். மேஸ்திரி அவனைக் கைத்தாங்கலாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

முதலாளி வந்தார்.

"குடிச்சிட்டு வந்தானா?"

"டீ கூடக் குடிக்கல. இதப் பாருங்க." அறுந்த முனைகளை நீட்டினாள். ஒன்று கிண்ணம்போல் குழிந்திருந்தது. மற்றது கூம்பாய் நீண்டிருந்தது. "மேல வழவழன்னு இருக்கு, நடுவுல வெடிச்சிருக்கு. வார்க்கும்போதே கரியெல்லாம் நடுவுல போய்ச் சேந்த இரும்பு இது. இழுத்தா வெளிப்பக்கம் நீளுது, உள்பக்கம் பொளந்துக்குது."

"தெரியும்மா. அதனாலதான் மலிவா கெடச்சுது. அறுந்தது போக மிச்சமே எனக்குக் கட்டுப்படியாகும்."

அவர் மறைக்கக்கூட இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

"அறுந்தது எங்க கையில விழுது. அறுந்துபோகாதது லிஃப்டு வடத்துக்குப் போகுது. அதுல ஏறுறவங்க?"

"பயமா இருந்தா வீட்டுக்குப் போ. கொழுந்தனையும் நாளைக்கு வர வேணாம்னு சொல்லு."

அவள் அறுந்த முனைகளை அவர் காலடியில் போட்டாள்.

"அவன் வருவான். இந்தச் சுருள்தான் இனிமே இயந்திரத்துல ஏறாது."

போய் அந்தச் சுருள் அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். பக்கத்து உருளை நின்றது. அதற்கடுத்தது நின்றது. கூடம் முழுக்க இரைச்சல் அடங்க, முதலாளியின் கத்தல் மட்டும் தனியாகக் கேட்டது.

"போலீசக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க. அவங்களும் லிஃப்டுலதான போறாங்க?" என்றது ஒரு குரல். சிரிப்பு வெடித்தது.

முதலாளி கைபேசியோடு வெளியேறினார். கதவருகே காவலாளிகள் கூடினார்கள். அப்போது அமிலத் தொட்டியில் கம்பி கழுவுபவள் ஈரக் கையுறையோடு வந்தாள். தெருக்குழாய்ச் சண்டைக்குப் பிறகு அண்ணியோடு முகம் கொடுத்துப் பேசாதவள்.

"என்ன, மகாராணி மாதிரி மொத்த இடத்தையும் புடிச்சிக்கிட்ட?" என்றாள். "நகந்து உக்காரு."