மூடும்வரை போகாத கேள்வி

"டேய், பல்லைக் காணோம்டா!"

உள்ளே இருந்து அக்கா கத்தினாள். காணாமல் அடித்தவன் நான்தான்.

அக்கா பல் மருத்துவர். அவளுடைய கிளினிக்கில் வரவேற்பாளன் நான், கம்ப்யூட்டர் நிபுணன் நான், குழாய் ஒழுகினால் பிளம்பரும் நான். நிபுணன் பட்டம் எனக்கு நானே கொடுத்துக்கொண்டது. இதுவரை யாரும் பிடுங்கவில்லை.

நோயாளி நாற்காலிக்கு எதிரே ஒரு திரை உண்டு. எக்ஸ்ரே அதில்தான் தெரியும். பல் செய்து தரும் லேபிலிருந்து செய்தி வந்தால் அதன் மூலையில் ஐந்து நொடி எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அக்கா யாருடைய வாய்க்குள்ளாவது குனிந்திருப்பாள், கவனிக்க மாட்டாள். போன வாரம் "பல்லுக்கு மாட்டுற கேப் உடைஞ்சிருச்சு, இன்னிக்கு வராது" என்று லேப் சொன்னது அப்படித்தான் தப்பிப்போய், ஒரு டீச்சருக்கு மரத்துப்போகிற ஊசியையும் போட்டுவிட்டாள். அந்த அம்மா பாதி உதட்டால் திட்டியதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியை அக்கா சாயங்காலம் தெளிவாக எடுத்துச் சொன்னாள்.

அதனால் இன்று காலை, அறிவிப்புகள் நாமாக மூடும்வரை திரையிலேயே நிற்கும்படி மாற்றி வைத்தேன். லேபுக்கு மட்டும் மாற்றியிருக்க வேண்டும். எனக்குத் தாராள மனசு. எல்லாவற்றுக்கும் மாற்றிவிட்டேன்.

உள்ளே ஓடினேன். நாற்காலியில் ஒரு பஸ் டிரைவர் வாயைப் பிளந்தபடி மிரண்டுபோய்க் கிடந்தார்.

"உங்க பல்லு பத்திரமா இருக்குங்க. திரையிலதான் காணோம்" என்றேன்.

பிரிண்டரில் மை தீரப்போகிறதாம். கம்ப்யூட்டரில் வைரஸ் எதுவும் இல்லையாம். வரும்போது பல்பு வாங்கி வர வேண்டுமாம். இது அக்கா புருஷன், என் மாமா அனுப்பியது. ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நின்று, டிரைவரின் கடைவாயையே மூடியிருந்தன. அக்காவின் இரண்டு கைகளும் கையுறையோடு அவர் வாய்க்குள். அந்தக் கையால் மவுஸைத் தொட மாட்டாள். அவள் சுத்தம் அப்படி.

எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று நின்றது. நான் அனுப்பியது.

"அக்கா, அந்த மருந்து கம்பெனி வேலைக்கு வரேன்னு சொல்லட்டுமா, வேணாமா? இன்னிக்கு சாயங்காலம் பதில் சொல்லணும்."

முன்னறையில் உட்கார்ந்து, வழக்கம்போல் ஓடிவிடும் என்ற தைரியத்தில் தட்டிவிட்டது. காலையில் நானே செய்த மாற்றம் எனக்கே மறந்துவிட்டது. இதை எத்தனையோ தடவை கேட்டாயிற்று. வீட்டில் கேட்டால் "பாப்போம்". இங்கே கேட்டால் "பேஷன்ட் இருக்காங்க". செய்தி அனுப்பினால் "எப்ப அனுப்பின?" அவள் என்னைத் தேவைக்கு வைத்திருக்கிறாளா, பாவம் பார்த்து வைத்திருக்கிறாளா? அதைத் தெரிந்துகொள்ளாமல் போகவும் மனசில்லை, இருக்கவும் மனசில்லை.

மவுஸைப் பிடித்து மை, வைரஸ், பல்பு மூன்றையும் மூடினேன். என்னுடையதற்குக் கை போனது.

"அதை மூடாத" என்றாள் அக்கா.

படித்தாள். டிரைவரும் படித்தார். "ஆ... ஆ ஆ?" என்றார். அக்கா கைகளை வெளியே எடுத்தாள்.

"தம்பி கேக்குதில்ல, சொல்லுங்க டாக்டரம்மா. எவ்வளவு நேரமா நான் வாயைத் திறந்துக்கிட்டு கிடக்கேன், நீங்க திறக்க மாட்டேங்கிறீங்களே!"

"நீங்க பேசாம இருங்க, ஊசி போட்டிருக்கு." என் பக்கம் திரும்பினாள். "உனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கா?"

"கேள்விக்குக் கேள்வி வேணாம்க்கா. என்மேல பாவப்பட்டுத்தான் வச்சிருக்கேன்னா சொல்லிடு. சந்தோஷமாவே போயிடுறேன்."

அக்கா முகக்கவசத்தை முழங்கையால் கீழே தள்ளப் பார்த்தாள். முடியவில்லை. நான் இறக்கிவிட்டேன். மூக்கு சிவந்திருந்தது.

"வேலைக்குன்னா உன்னைவிட நல்ல ஆளு நாளைக்கே கிடைக்கும்" என்றாள். "பல்லைத் தொலைக்காத ஆளாவே கிடைக்கும். பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல. காலையில கதவைத் திறந்தா நீ உக்காந்திருக்கணும், எனக்கு அவ்வளவுதான். போகாதடா."