ஒன்பதாம் நம்பர் பூட்ஸ்

கிழக்கு வெளுக்கும் முன்பே குப்பைத் தொட்டி நகர்ந்தாக வேண்டும். ஒருத்தி இழுப்பாள், இன்னொருத்தி பின்னாலிருந்து முட்டுக்கொடுப்பாள். லாரியின் பின்புறம் வந்ததும் தொட்டியைக் கொக்கியில் மாட்டி, ஒருத்தி கால்பலகையில் ஏறி, உடம்பின் பாரத்தையெல்லாம் பிடியில் போட்டுக் கவிழ்க்க வேண்டும். அந்த ஒரு நொடி, மொத்த ஆளும் ஒற்றைக் காலில்தான் நிற்பாள். பாதத்தைப் பூட்ஸ் கெட்டியாகக் கவ்வியிருந்தால் பயமில்லை.

அக்காவும் தங்கச்சியும் பதினேழு வருடமாக இப்படித்தான் கவிழ்த்தார்கள். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. பாதமோ சிறுபிள்ளைப் பாதம். நகராட்சி கொடுத்த பூட்ஸ் எல்லோருக்கும் ஒன்பதாம் நம்பர்.

"இதுல நான் குடியே இருக்கலாம்டி" என்பாள் அக்கா.

தங்கச்சிதான் பழைய சேலையைக் கிழித்து பூட்ஸின் முனையில் திணித்துக் கொடுத்தாள். பெண்கள் எல்லோருமே அப்படித்தான் போட்டுக்கொண்டார்கள். துணி காய்ந்திருக்கும்வரை பாதத்தைப் பிடித்துக்கொள்ளும். குப்பைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் கொழகொழத்து வழுக்கும். அதை ஒருத்தியும் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை துணி நனைந்து, அக்காவின் கால் பூட்ஸுக்குள்ளேயே புரண்டது. பூட்ஸ் பலகையிலேயே நின்றது. அக்கா விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

சனிக்கிழமை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மேற்பார்வையாளர் கொட்டகையில் ஒரு தாளை நீட்டினார். வயதின் காரணமாகத் தலைசுற்றி விழுந்ததாக அதில் இருந்தது. கூட இருந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டுமாம். வேலையில் அடிபட்டவளென்றால் நகராட்சி கடைசிவரை வைத்தியம் பார்க்கும். தலைசுற்றியவளென்றால் திங்கட்கிழமையே ஆஸ்பத்திரிக் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். தலைசுற்றல் இல்லை, பூட்ஸ்தான் காரணம் என்று பெண்கள் சொன்னதும் மேற்பார்வையாளர் கேட்டார்:

"எல்லாருக்கும் ஒண்ணாத்தானே குடுத்தோம்? ஆம்பளை, பொம்பளை, வயசானவங்கன்னு பாத்தமா?"

"அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம். பாக்கவே இல்லை" என்றாள் தங்கச்சி. அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "துணி வச்சுக் குடுத்தது நான்தான். நாலு நாளா அந்தக் கையால சோறு அள்ள முடியலை."

மேற்பார்வையாளரின் முகம் தெளிந்தது. "அப்ப தப்பு உன்னுதுதானே? அப்படியே எழுதிடலாமா?"

தங்கச்சி தலைகுனிந்தாள். எழுதட்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

லாரி ஓட்டுகிற நெட்டையன் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். அவன் காலுக்கு ஒன்பதாம் நம்பர் அச்சாகப் பொருந்தும்.

"எழுதுங்க சார். என் பொண்டாட்டிக்குத் திணிச்சுக் குடுத்தது நான். என் பேரையும் சேத்துக்குங்க."

"என் பேரும்" என்றாள் சாக்கடை வாருகிறவள்.

அடுத்தடுத்து இருபத்திரண்டு பேர் சொன்னார்கள். மேற்பார்வையாளரின் பேனா மூடியபடியே இருந்தது.

நகராட்சித் தலைவரிடமே போய்க் கேட்டுவிடுவது என்று முடிவானது. அக்காவுக்கு வைத்தியம் வேண்டும், அவரவர் காலுக்கு அளவெடுத்த பூட்ஸும் வேண்டும். தலைவர் பார்ப்பாரா, கதவைச் சாத்துவாரா, தெரியாது. அக்கா நடக்கப்போவதில்லை என்பது மட்டும் தங்கச்சிக்குத் தெரியும். அழுதுகொண்டேதான் அவள் தலைவர் வீட்டுக்கு நடந்தாள்.

முன்னால், கூட்டத்திலேயே மூத்தவளான முட்டிவலிக்காரியை விட்டிருந்தார்கள். நெட்டையன் உட்பட எல்லோரும் அவள் நடைக்கு நடந்தார்கள்.