சிவப்புச் சேவல் கதவு

கப்பலில் குடித்தனம் நடத்துவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சி, மேல்தளத்தைச் சுற்றி நடை, பிறகு வினாடி வினா, நாலு மணிக்குத் தேநீரும் கேக்கும். சவுதாம்ப்டனில் ஏறிய வாரமே எனக்குப் பழகிவிட்டது. பழகாதது துணி துவைக்கும் அறைதான். அங்கே நடக்கும் சண்டை எந்த மீன் சந்தையிலும் நடக்காது.

என் முதல் சண்டை பெரிலோடு. எங்கள் அறைக்கு நேர்கீழே, இரண்டு தளம் தள்ளி இருப்பவள். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், வாய் மட்டும் போகவில்லை. மெஷின் நின்றதுதான் தாமதம், என் கணவர் டெரிக்கின் உள்ளாடைகளை ஈரத்தோடு அள்ளி வெளியே வைத்துவிட்டாள்.

“அடுத்தவங்க துணியில கை வைக்கறீங்களே, வெக்கமா இல்ல?”

“மெஷினை உங்க வீட்டுலேர்ந்து கொண்டு வந்தீங்களாக்கும்? நின்னா எடுக்கணும்ங்க.”

இனி இவள் முகத்திலேயே விழிப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

ஆனால் என் கவலை வேறு. டெரிக்குக்கு ஒரு வருஷமாக மறதி. ஹல் நகரத்தில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவருக்கு, கடைக்குப் போனால் வீடு திரும்ப வழி தெரியவில்லை. சிட்னியில் அவர் தம்பி கிளைவ் இருக்கிறார். தம்பி யாரென்று தெரிகிறபோதே பார்த்துவிட வேண்டும். விமானம் ஏறவே மாட்டேன் என்று டெரிக்குக்கு ஆயுசு முழுக்கப் பிடிவாதம். விஷயம் வெளியே தெரிந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்களோ என்று பயந்து, யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கப்பலில் எல்லாத் தளமும் ஒரே மாதிரி. ஒரே கம்பளம், ஒரே கதவு. அதனால் சிவப்புக் கம்பளி நூலில் ஒரு சேவல் பின்னி எங்கள் கதவில் தொங்கவிட்டேன். பலரும் கதவில் எதையாவது மாட்டுவார்கள், சந்தேகம் வராது.

“சேவல் இருந்தா நம்ம வீடு, சரியா?”

“சரி கண்ணு.”

மேற்கே போகிற கப்பல். அடிக்கடி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளவேண்டும். பசிபிக்கில் ஒருநாள் டெரிக் தன் கைக்கடிகாரத்தைத் தள்ளவில்லை, நானும் பார்க்கவில்லை. நான் குளித்துக்கொண்டிருந்தபோது, தேநீர் நேரம் ஆகிவிட்டது என்று தனியே கிளம்பிவிட்டார். வெளியே வந்தால் அறை காலி. என் உயிரே போய்விட்டது. போன் அடித்தது.

“பெரில் பேசறேன். உங்க வீட்டுக்காரர் இங்கதான் இருக்காரு. பதறாம வாங்க.”

இறங்கி ஓடினேன். பெரிலின் அறையில் டெரிக் பிஸ்கெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

“சேவலைக் காணோம், மாவிஸ். எல்லாக் கதவும் பாத்துட்டேன்.”

தளம் மாறி இறங்கியிருக்கிறார், பாவம். நான் பெரிலின் கையைப் பிடித்துக்கொண்டேன். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சிட்னி வரைக்கும் போயிட்டா போதும்.”

“சொல்லத்தான் போறேன்,” என்றாள் அவள்.

பாவி! அன்றிலிருந்து கதவு தட்டப்பட்டாலே, எங்களை இறக்கிவிடத்தான் வந்துவிட்டார்கள் என்று நடுங்கினேன். பெட்டியைக்கூடக் கட்டி வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு காலை, லிஃப்ட் வழியில் ஒரு தளத்தில் நின்றது. எங்கள் அறை இருக்கவேண்டிய இடத்தில், யாரோ ஒருவர் கதவில், சிவப்புச் சேவல். அடுத்த தளத்திலும் அதே இடத்தில் ஒன்று. ஒவ்வொரு தளத்திலும் இறங்கிப் பார்த்தேன். ஒன்று வாத்து மாதிரி இருந்தது, ஒன்றுக்குக் கொண்டையே இல்லை. கப்பலில் கூடி உட்கார்ந்து கம்பளி பின்னுகிறவர்களிடம் பெரில் சொல்லியிருக்கிறாள்.

அவள் கதவைத் தட்டினேன். அவள் திறந்ததும் எனக்கு அழுகைதான் வந்தது.

“அழாதடி, அசடு,” என்றாள். “அவர் எங்க தட்டினாலும் உள்ள கூப்பிட்டு டீ குடுத்து உனக்கு போன் பண்ணுவாங்க. கப்பல் டாக்டர்கிட்டயும் பேசிட்டேன். கூட ஆள் இருந்தா போதும்னுட்டாரு. இனிமேலாவது துணியை நேரத்துக்கு எடு.”

சிட்னி துறைமுகத்தில் கிளைவ் கைத்தடியோடு காத்திருந்தார். டெரிக் நின்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கடவுளை வேண்டிக்கொண்டேன்.

“டேய் கிளைவ்! தலையில ஒத்த முடி மிச்சம் இல்லையேடா!”

இருவரும் கட்டிக்கொண்டார்கள். பிறகு டெரிக் கப்பலைக் காட்டி, தம்பியின் காதருகே பெருமையாகச் சொன்னார்:

“எவ்வளவு பெருசு பாத்தியா? எந்த மாடில இறங்கினாலும் எங்க வீடுதான்டா.”