நீக்கப்பட்ட பதினேழு சிரிப்புகள்

வியாழன், பதினான்காம் தேதி. இன்று ஒப்புக்கொள்ள வேண்டிய பிழை ஒன்று, சின்னதுதான்: நூலகத்து அக்காவின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியபோது, அவர் சிரித்த இடங்களை எல்லாம் எடுத்துவிட்டு அங்கங்கே மூன்று புள்ளி வைத்துவிட்டேன். பதினேழு இடம். எண்ணித்தான் சொல்கிறேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை, நாடக வகுப்பு மேடம் சொன்னது ஒன்றே ஒன்று, 'அவங்க சொன்னத அப்படியே எழுதிக் குடு', அப்படியே என்றால் அப்படியேதான், ஆனால் எனக்குப் பேனாவைக் கையில் எடுத்ததும் எங்கிருந்தோ ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது, வீட்டுக்கு யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல எல்லாவற்றையும் ஒதுங்க வைக்கத் தொடங்கிவிடுகிறேன்... பகலெல்லாம் எக்ஸ்ரே நிலையத்தில் அறிக்கை தட்டச்சு செய்கிற பழக்கமாக இருக்கலாம், அங்கே யாருக்கும் வலிக்காது, யாரும் அழ மாட்டார்கள், 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போக வேண்டியதுதான், இல்லை, இது சாக்கு, வேலையின் மேல் பழி போடக் கூடாது, அறிக்கையில் சிரிப்பு இருந்தால்தானே எடுப்பதற்கு.

ஒழுங்காக வரிசைப்படி எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்குப் படிக்கும்போது எனக்கே புரியாது. மாலை வகுப்பு நூலகத்தின் மாடி அறையில் நடக்கிறது, நாடகம் எழுதக் கற்றுக்கொள்ளத்தான் பணம் கட்டிச் சேர்ந்தேன், சேர்ந்து மூன்றாவது வாரமே மேடம் என் கையெழுத்தைப் பார்த்து, 'நீ எழுதுறது இருக்கட்டும், எனக்கு எழுதித் தர்றியா?' என்று கேட்டார். அவருக்கு விரல் மூட்டுகளில் வாதம், காலையில் கை பூட்டிக்கொண்டால் பல் துலக்கவே அரை மணி நேரம் ஆகும் என்பார், பதினோரு நாடகம் எழுதிய கை, இப்போது அறைக்குள் நடந்துகொண்டே வாயால் எழுதுகிறார், நான் பின்னாலேயே நோட்டோடு போகிறேன், அவர் திடீரென்று திரும்பினால் இடித்துக்கொள்வோம். இந்தப் பன்னிரண்டாவது நாடகத்தை அவர் எழுதப் போவதில்லையாம், நோய் வந்த பெண்களே மேடையில் நின்று தங்கள் கதையைத் தாங்களே சொல்லப் போகிறார்களாம். முதலில் நாற்பது பக்கம் தானேதான் எழுதினார், ஒரு நாள் அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டு வந்து சொன்னார், 'இருபது வருஷமா மேடையில பொம்பளைங்களை நோயில சாகடிச்சிருக்கேன். ஒருத்திக்கும் வாந்தி வரல. ஒருத்தியும் பெட்ல ஒண்ணுக்குப் போகல. தலை கலையாம, வசனம் முடிஞ்ச உடனே, டாண்ணு செத்தாங்க.' வகுப்பே சிரித்தது, நான் 'டாண்ணு' என்பதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்களில் ஒருவர்தான் நூலகத்து அக்கா, அவர் கதை இதுதான், ஒலிப்பதிவில் இருக்கிறபடி. பெருங்குடலில் கட்டி, அறுவைச் சிகிச்சை, வயிற்றில் ஒரு சின்ன வாய் வைத்து அதன்மேல் பை ஒட்டியிருக்கிறார்கள், மலமும் காற்றும் இனி அந்த வழிதான், எப்போது வரும் என்று அதற்கே தெரியாது. அக்கா அதற்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறார். பதினான்கு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வாசிப்பு அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி, பெரியவர் ஒருவர் செய்தித்தாளைப் பரபரவென்று திருப்புகிறார், இருபத்திரண்டு வருடமாகச் சொல்கிற அதே குரலில் அக்கா போய், 'ஐயா, சத்தம் போடாதீங்க' என்கிறார், அந்த நொடி பார்த்து வாயாடி வாயைத் திறந்தாள்... நீளமாக, அக்கா சொன்னபடி சொன்னால் 'மாட்டு வண்டி சக்கரம் மாதிரி', அறை முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது, பெரியவர் மெதுவாகச் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, 'சரிம்மா, ரெண்டு பேருமே கொஞ்சம் அடக்கிக்குவோம்' என்கிறார். அக்கா அகராதிகள் இருக்கும் அடுக்குக்குப் பின்னால் ஓடிப்போய்த் தரையில் உட்கார்ந்து, தையல் போட்ட இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு சிரித்திருக்கிறார், அறுவைக்குப் பிறகு அன்றுதான் முதல் சிரிப்பாம், சொல்லும்போதும் சிரிக்கிறார், ஒலிப்பதிவில் பாதி வார்த்தை சிரிப்புக்குள் முங்கிப் போகிறது.

நான் எழுதியது: 'எனது வயிற்றிலிருந்து ஓர் ஒலி எழுந்தது... அனைவரும் நோக்கினர்... நான் அடுக்குகளுக்குப் பின்னே சென்று அமர்ந்தேன்...' இதைத் தட்டச்சு செய்து, ஓரம் சரிபார்த்து, நான்கு பிரதி எடுத்து, கிளிப் போட்டு வைத்தேன், கிளிப்கூட எல்லாவற்றிலும் ஒரே பக்கம், எவ்வளவு கவனம் பார்.

இன்று ஆறு மணிக்கு அக்கா கீழே கவுண்ட்டரைச் சக ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு மேலே வந்தார், மூச்சு வாங்கியது, முகத்தில் ஒரே உற்சாகம், புது மூக்குக் கண்ணாடி வேறு, 'எங்க, என் பார்ட்டக் குடு' என்று வாங்கி எழுந்து நின்று படிக்க ஆரம்பித்தார். முதல் வரியில் குரல் நன்றாக இருந்தது. இரண்டாவது வரியில் கொஞ்சம் இறங்கியது. ஒவ்வொரு மூன்று புள்ளியிலும் அவர் நின்றார், புள்ளி இருந்தால் நிற்கத்தானே வேண்டும், நின்று நின்று அவர் தோள் தொங்கிப்போனது, நான் ஏதோ தப்பு, ஏதோ தப்பு என்று நோட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தின் பாதியில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், 'யாரு செத்துட்டா?'

பள்ளி வேன் ஓட்டுகிற அக்கா, கருப்பையை எடுத்துவிட்டுப் பத்தாம் நாளே ஸ்டியரிங் பிடித்த கதையோடு நாடகத்துக்கு வந்தவர், எப்போதும் ஏதாவது சொல்வார், இப்போது கையிலிருந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இந்த அம்மா யாருன்னே எனக்குத் தெரியல. ரொம்ப நல்லவங்களா இருக்காங்க, பாவம். இவங்களே மேடை ஏறட்டும், நான் ஏறல' என்று தாளை மேசைமேல் வைத்தார் நூலகத்து அக்கா, கோபமாகக்கூட இல்லை, கோபமாக இருந்திருந்தால் தேவலை, சீக்கிரமே கீழே போய்விடலாம் என்பதுபோலப் பையைத் தேடினார். சனிக்கிழமை நாடகத்தின் முதல் வாசிப்பு, எண்பது பேரைக் கூப்பிட்டாயிற்று, அக்கா இல்லாவிட்டால் நாடகத்தின் நடுப்பகுதியே இல்லை, பதின்மூன்று வார உழைப்பு, எல்லாம் என் புள்ளிகளால். மேடம் தாளை எடுத்துப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் சொன்னார், 'இது நான் எழுதின மாதிரி இருக்கு.' திட்டியிருக்கலாம்.

மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன், வந்தது வேறு, 'லிஸ்ட் இருக்குக்கா' என்றேன். எதை எடுத்தாலும் எதை எடுத்தேன் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைப்பது என் வழக்கம், ஏன் என்று தெரியாது, எடுத்ததற்கு ஓர் அத்தாட்சி வேண்டும் என்று தோன்றும், தலைப்பு போட்டு அடிக்கோடிட்டு 'நீக்கியவை' என்று எழுதியிருந்தேன். அக்கா கையை நீட்டினார். கொடுக்காமல் இருந்திருக்கலாம், என் கை கொடுத்துவிட்டது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நூலகத்தில் தாமதமான புத்தகங்களின் பட்டியலைப் படிக்கிற குரலில் படித்தார்: 'நாலு நிமிடம் பன்னிரண்டு, சிரிப்பு. நாலு நிமிடம் நாற்பது, சிரிப்பு, மேசையைத் தட்டல் இரண்டு முறை. நாலு ஐம்பத்தைந்து, சிரிப்பு, பன்றி போல் ஒரு சத்தம்.' நிறுத்தினார். 'பன்றியா?' 'மூச்சு இழுக்கும்போதுக்கா... வேற எப்படி எழுதுறதுன்னு தெரியல.' 'அஞ்சு நிமிடம் மூணு, அந்தச் சொல். எந்தச் சொல்லு?' நான் சுவரைப் பார்த்தேன். 'சொல்லு, எந்தச் சொல்லு? நான்தான சொன்னேன், உனக்கென்ன?' 'குசு' என்றேன். 'வேன்ல கடைசி சீட்டு வரைக்கும் கேக்கல!' என்றார் வேன் அக்கா. 'குசு!' என்று கத்தினேன், வாழ்க்கையில் நான் கத்திய முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும், மேடம் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது, அக்கா 'அஞ்சு பதினொண்ணு, சிரிப்பு, நீண்டது, இருபத்தாறு விநாடி, இருமுறை சரிபார்க்கப்பட்டது' என்று படிக்க முயன்று முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, 'அடிப்பாவி, ஸ்டாப்வாட்ச் வச்சியா?' என்று கேட்டு, அதோடு போச்சு, எல்லாம் போச்சு, கீழேயிருந்து கவுண்ட்டர்காரர் போன் போட்டு, 'மேல என்ன கல்யாணமா, வாசிக்கிறவங்க கத்துறாங்க' என்று சொல்ல, அக்கா போனிலேயே, 'அடக்கிக்குறோம், அடக்கிக்குறோம்' என்றார். அனைவரும் மகிழ்ந்தோம் என்று எழுதப் போனேன், அடித்துவிட்டேன். எனக்கு டீ மூக்கு வழியாக வந்தது. அதுதான் நடந்தது.

ஆறு ஐம்பதுக்கு மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'இந்த லிஸ்ட்டு மேடைக்கு வரணும்' என்றார். அக்கா தாளைத் திரும்ப எடுத்துப் பாதியாக மடித்தார், என்னைப் பார்த்தார். 'நான் ஏறுறேன். ஆனா இவ என் பக்கத்துல நிக்கணும். நான் சொல்லச் சொல்ல இவ லிஸ்ட்டைப் படிக்கணும். ஒழுங்கா எழுதிட்டு வா, சுத்தமா இல்ல, ஒழுங்கா.' எண்பது பேர் முன்னால். நான். வேண்டாம் என்று சொல்லப் போனேன், எனக்கு மேடை வராது, குரல் வராது, கதையும் இல்லை, 'எனக்கு ஒண்ணும் இல்லையேக்கா, நான் சும்மா எழுதுறவ' என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், தேடுகிற புத்தகம் அடுக்கில்தான் இருக்கிறது என்று தெரிந்தவர் பார்ப்பதுபோல, பிறகு கவுண்ட்டருக்கு இறங்கிப் போனார்.

எனக்கு ஒன்றும் இல்லை... இதைப் பேருந்தில் நான்கு நிறுத்தம் யோசித்தேன். பதினைந்து வயதில் ஆறு மாதம் மாத்திரை, காசநோய், அம்மா எல்லோரிடமும் சளி என்று சொன்னாள், சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஆட்கள், சிரித்தால் இருமல் வரும், இருமினால் கேட்கும், அதனால் சிரிக்காதேடி, சிரிக்காதே கண்ணு, என்று கெஞ்சுவாள், நான் தலையணையில் வாயை வைத்துச் சிரிப்பேன், அப்புறம் சிரிப்பு வருவதற்கு முன்பே நிறுத்தக் கற்றுக்கொண்டேன், நன்றாகவே கற்றுக்கொண்டேன் போல... அக்காவின் குரல் காதில் ஒலிக்க ஒலிக்க என் பேனா தானாக எதைக் கேட்டுப் பயந்தது? எக்ஸ்ரே அறிக்கை அடித்த பழக்கம்தானா? பிழை என்று மேலே எழுதினேனே, அது கைப்பிழையா, பழக்கமா, இரண்டும் இல்லாத வேறு ஒன்றா, தெரியவில்லை.

இப்போது எட்டு மணி. பட்டியலைச் சரிபார்க்க எடுத்தேன், பன்றி வரியில் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்து, 'என்னடி தனியா சிரிக்கிற, யாராச்சும் கூட இருக்காங்களா?' என்றாள். முழுவதையும் படித்துக் காட்டினேன், பெரியவர் சொன்னது வரை. 'அடக்கிக்குவோம்னாரா! நல்ல மனுஷன்!' என்று அம்மா தலையணை உறையை வாயில் வைத்துக்கொண்டாள், பிறகு எடுத்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தாள், எனக்கு இந்தச் சிரிப்பு புதிது, இப்படி ஒன்று இவளிடம் இருந்ததா, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள். சிரித்துக்கொண்டே எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். அவள் கை தானாகப் போனது, பார்த்தேன். திரும்பி வந்து முன்பைவிடக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, 'அப்புறம்?' என்றாள்.

அவ்வளவுதாம்மா என்றேன். அவ்வளவுதான் இல்லை. அவளும் உடனே எழுந்து போகவில்லை, மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள், அந்த 'அப்புறம்' அக்காவின் கதைக்கா, வேறு எதற்காவதா, கேட்டிருக்கலாம்.

நாளை வெள்ளி. வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரம்: பதினேழு இடத்திலும் புள்ளியை எடுத்துவிட்டுச் சிரிப்பை எழுத வேண்டும், நேரத்தை ஒலிப்பதிவோடு ஒருமுறை ஒத்துப்பார்க்க வேண்டும், ஒரு முறை போதும். மாலை மேடத்திடம் தாள்களைக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைக்கு அம்மாவுக்கு ஓர் இருக்கை கேட்க வேண்டும்.