ரோவெனா எந்தக் கட்டத்தில் குறியிட்டாள்

1

இது ஒட்டுக்கேட்ட கதை. பிலிப்பைன்ஸின் செபு நகரில் கல்லூரி வாசலுக்கு எதிரே நகலெடுக்கும் கடை வைத்திருப்பவனுக்கு வேறு எப்படிக் கதை கிடைக்கும்? டெமெட்ரியோவும் அவர் மகள் ரோவெனாவும் சேர்க்கைப் படிவத்தை என் மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் சண்டை போட்டார்கள். அவர் முப்பது வருடக் கட்டட மேஸ்திரி. மகள் சிவில் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்றார். அவளோ கட்டுமான மேலாண்மை என்றாள்.

சிமென்ட் நிறத்தில் வானம் இருண்டு கிடந்த அந்தக் காலையில்,

(வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

2

"சீல் குத்துற இன்ஜினியர் பேச்சுதான்டி எடுபடும். நான் சொன்னா எவன் கேட்டான்?"

"நான் ஆளுங்கள வெச்சு வேலை வாங்கணும்பா. நீங்க செய்றதுதான். இப்ப அதுக்கும் பட்டம் இருக்கு."

"நான் செய்றதுக்குப் பட்டமா?"

சிரித்தார். ('கசப்பாகச் சிரித்தார்' என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். உண்மையில் கொஞ்சம் பெருமைதான் பட்டார்.)

3

முதல் வரைவில் டெமெட்ரியோவைக் கொடுமைக்காரத் தகப்பனாக்கினேன். கதைக்கு அது வசதி. ஆனால் அவர் இடது காலைச் சாய்த்துத்தான் நடப்பார். தளத்தைத் தாங்கும் முட்டுக் கம்புகள் போதாது என்று அவர் சொல்லியும் கேட்காமல் ஓர் இன்ஜினியர் தளம் போடச் சொன்னதில், அது சரிந்து விழுந்து ஒடிந்த கால் அது. இதைத் தெரிந்துகொண்டே எப்படிக் கொடுமைக்காரனாக்குவது?

4

இன்ஜினியரின் மதிப்பைக் காட்டத்தான் மறுநாள் மகளைத் தன் வேலையிடத்துக்கு அழைத்துப் போனார். பிறகு இருவரும் என் கடைக்கு வந்து மாறி மாறிச் சொன்னது இது.

மேலே கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே ஓலைப்பொதிச் சோற்றைப் பிரித்துக்கொண்டிருந்த ரோவெனா, முட்டு ஒன்று சேற்றில் இறங்குவதைப் பார்த்தாள்.

"நிறுத்துங்க. எல்லாரும் இறங்குங்க."

கான்கிரீட் பம்பு நின்றது. மேலே இருந்த இருபது பேரும் இறங்கினார்கள். இளம் இன்ஜினியர் கைப்பேசியோடு வந்தார்.

"நீ யாரு?"

"மேஸ்திரி பொண்ணு."

"வேலைய ஆரம்பிங்கப்பா."

டெமெட்ரியோ நகரவில்லை. "அவ சொல்லிட்டா சார். நான் கொட்ட மாட்டேன்."

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். அந்த முட்டுக் கம்பை மாற்றச் சொல்லிவிட்டு, பதிவேட்டில் எழுதினார்: 'குறைபாடு பொறியாளரால் கண்டறியப்பட்டது.'

"பாத்தியா, எழுதுறவன் அவன்," என்றார் டெமெட்ரியோ.

"நிறுத்துனது நான்."

5

என் மேசையிலேயே ரோவெனா படிவத்தின் ஒரு கட்டத்தில் குறியிட்டாள். டெமெட்ரியோ எட்டிப் பார்த்தார். அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, பெற்றோருக்கான இடத்தில் மெதுவாகத் தன் பெயரை எழுதினார்.

எந்தக் கட்டம்? நகலெடுத்தவன் நான். பார்க்காமல் இருப்பேனா? இன்ஜினியரிங் என்று எழுதினால் தகப்பன் ஜெயித்ததாகச் சொல்வீர்கள். மேலாண்மை என்றால் மகள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவர் பேனாவை வாங்கிய விதம் பொய்யாகிவிடுகிறது.

இரண்டு கட்டங்களும் இங்கே காலியாகவே இருக்கின்றன. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பென்சிலாக இருந்தால் நல்லது.